ஹாஷ் பொருந்தியும் கோப்பு போலியாக இருப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இது. டொரண்ட் ஒன்றை, அதாவது பலரிடமிருந்து துண்டு துண்டாகப் பெறப்படும் கோப்பை, இறக்கியிருக்கிறார். மென்பொருள் ஒவ்வொரு துண்டையும் அதன் ஹாஷோடு (தரவிலிருந்து கணக்கிடப்படும் சுருக்கமான அடையாள எண்) ஒப்பிட்டுச் சரிபார்த்து, நூறு சதவீதம் முடிந்தது என்று காட்டியது. திறந்து பார்த்தால் தலைப்பில் இருந்ததற்கும் உள்ளே இருந்ததற்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் கோப்பு இன்னும் அவர் மென்பொருளின் பட்டியலில்தான் இருக்கிறது. "சரிபார்ப்பு இருந்தும் போலி எப்படி நுழைகிறது? வலையமைப்பே இதைத் தடுக்க முடியாதா?" என்று கேட்கிறார்.

இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அனுப்பியவரிடமிருந்து என்னிடம் வந்து சேர்வதற்குள் தரவு மாறியதா என்பது ஒன்று. இந்தப் பெயரில் கிடைப்பது உண்மையிலேயே அந்தப் பொருள்தானா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஏறத்தாழ முழுமையான பதில் இருக்கிறது. இரண்டாவதற்கான பதில் கோப்பின் பைட்டுகளுக்குள் இல்லவே இல்லை. 12 ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருள் வெளியீடுகளை டொரண்ட் வழியாக விநியோகிக்கும் தன்னார்வக் குழு ஒன்றில் இருக்கிறேன். அதில் பாதிக் காலம் துண்டுகளைச் சரிபார்க்கும் நிரலில் வேலை செய்தேன். எங்களுக்கு வந்த புகார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததால் வந்தவை.

முதலில் சிதைவைப் பார்ப்போம். இணையத்தில் தரவைச் சுமக்கும் டிசிபி நெறிமுறைக்குச் சொந்தமாக ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. ஆனால் அது 16 பிட் கொண்ட வெறும் கூட்டல். இரண்டு 16 பிட் சொற்கள் இடம் மாறி வந்தால்கூட அது கண்டுபிடிக்காது. மேலும், வழியில் இருக்கும் கருவியே தரவை மாற்றிவிட்டு அந்த எண்ணையும் புதிதாகக் கணக்கிட்டு எழுதினால், பெறுபவருக்கு எந்தத் தடயமும் கிடைக்காது. இதை ஒரு முறை நேரில் பார்த்தேன். ஒருவருக்கு 4 ஜிபி வட்டுப் படிமத்தில் (இயங்குதளத்தை நிறுவ உதவும் ஒற்றைக் கோப்பு) ஒரே ஒரு துண்டு மட்டும் எத்தனை முறை இறக்கினாலும் தோற்றுக்கொண்டே இருந்தது. மற்ற எல்லோருக்கும் அதே துண்டு சரியாகவே வந்தது. தோற்ற துண்டை அனுப்பச் சொல்லி மூலத்துடன் ஒப்பிட்டோம். நான்கே நான்கு பைட்டுகள் மாறியிருந்தன. அந்த நான்கும் அவர் கணினியின் உள்முகவரி, அதாவது வீட்டு வலையமைப்புக்குள் அதற்கு இருக்கும் ஐபி முகவரி. மூலக் கோப்பில் அதே இடத்தில் இருந்த நான்கு பைட்டுகள், தற்செயலாக, அன்று அவர் இணைப்புக்குக் கிடைத்திருந்த, இணையத்தில் தெரியும் வெளிமுகவரியோடு ஒத்துப்போயிருந்தன. அவருடைய ரவுட்டரில் விளையாட்டுகளுக்கான ஓர் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தது. அது கடந்து செல்லும் தரவில் வெளிமுகவரி எங்கே தென்பட்டாலும் அதை உள்முகவரியாக மாற்றி எழுதியது. நான்கு பைட் முகவரிக்கு 2-இன் அடுக்கு 32 வாய்ப்புகள். 4 ஜிபி கோப்பில் இருக்கும் இடங்களும் ஏறத்தாழ அத்தனைதான். எனவே சுருக்கப்பட்ட தரவில் இப்படிப்பட்ட பொருத்தம் சராசரியாக ஒரு முறை நேரும். ஹாஷ் இல்லாதிருந்தால் அவர் உடைந்த படிமத்தை நிறுவிவிட்டு எங்களைக் குறை சொல்லியிருப்பார், அது நியாயமாகவும் தோன்றியிருக்கும்.

ஹாஷ் என்று ஒன்று இருந்தால் மட்டும் போதாது, அது கோப்பு முழுவதையும் தொட வேண்டும். இதற்குக் கஸா என்ற பழைய கோப்புப் பகிர்வு வலையமைப்பைவிடத் தெளிவான பாடம் கிடையாது. வேகத்துக்காக அது பயன்படுத்திய யுயுஹாஷ் என்ற முறை, கோப்பின் முதல் 300 கிலோபைட்டைப் படிக்கும். பிறகு 1, 2, 4, 8 எம்பி என்று இரட்டிப்பாகும் இடங்களில் 300 கிலோபைட் வீதம் தொடும். கடைசி 300 கிலோபைட்டையும் பார்க்கும். 700 எம்பி கோப்பில் இப்படிப் பார்க்கப்படுவது மொத்தமாக 3.5 எம்பி அளவுக்குத்தான் வரும். இடையில் இருக்கும் எல்லாவற்றையும் ஒருவர் குப்பையால் நிரப்பினாலும் ஹாஷ் மாறாது. அப்படிக் கெடுக்கப்பட்ட பிரதியும் நல்ல பிரதியும் வலையமைப்பின் கண்ணுக்கு ஒரே கோப்பு. பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் இறக்குபவருக்கு இரண்டும் கலந்து வந்து சேரும்.

பிராம் கோஹன் 2001-இல் வெளியிட்ட பிட்டொரண்ட் இந்த ஓட்டையை அடைத்தது. கோப்பைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஷா-1 முறையில் 20 பைட் ஹாஷ் கணக்கிட்டு, எல்லாவற்றையும் வரிசையாக டொரண்ட் கோப்பு என்ற சிறிய விவரக் கோப்புக்குள் எழுதிவிடுகிறார்கள். அந்தப் பட்டியலும் கோப்பின் பெயரும் அளவும் அடங்கிய பகுதிக்கே மறுபடியும் ஒரு ஹாஷ் போடுகிறார்கள். மேக்னட் இணைப்பில் (டொரண்ட் கோப்பு கையில் இல்லாமலேயே இறக்கத் தொடங்க உதவும் இணைப்பு) நீங்கள் பார்க்கும் 40 எழுத்து நீளமான குறியீடு அதுதான். அந்தக் குறியீடு உங்களிடம் இருந்தால், முன்பின் தெரியாத ஆயிரம் பேரிடமிருந்து தரவை வாங்கினாலும் பயமில்லை. ஒரு பிட் மாறினாலும் அந்தத் துண்டு நிராகரிக்கப்படும். அனுப்புபவரை நம்பத் தேவையே இல்லாமல் செய்தது பெரிய சாதனை என்று இன்றும் நினைக்கிறேன்.

இதன் பிறகும் தாக்குபவருக்கு ஒரு வழி மிச்சமிருந்தது. உங்களை ஏமாற்ற முடியாது, ஆனால் உங்கள் நேரத்தை வீணாக்கலாம். ஹாஷ் இருப்பது துண்டுக்கு, ஆனால் தரவு பயணிப்பது 16 கிலோபைட் கட்டிகளாக. ஒரு துண்டின் கட்டிகள் வெவ்வேறு ஆட்களிடமிருந்து வரும். அவற்றில் ஒன்று போலியானாலும் துண்டு முழுவதும் வீண். கணக்குப் போட்டுப் பாருங்கள். வரும் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்று போலி என்று வைத்துக்கொள்வோம். 256 கிலோபைட் துண்டில் 16 கட்டிகள், அது முதல் முறையிலேயே தேறும் வாய்ப்பு சுமார் 85 சதவீதம். 4 எம்பி துண்டில் 256 கட்டிகள், அங்கே தேறும் வாய்ப்பு 8 சதவீதத்துக்கும் குறைவு. அதே தாக்குதல், அதே அளவு போலி. துண்டின் அளவைப் பெரிதாக்கியதால் மட்டும் பதிவிறக்கம் ஏறத்தாழ நின்றுபோகிறது. துண்டைச் சிறிதாக்கினால் ஹாஷ் பட்டியல் வீங்குகிறது. 4 ஜிபி கோப்புக்கு 4 எம்பி துண்டுகள் என்றால் பட்டியல் 20 கிலோபைட், 256 கிலோபைட் துண்டுகள் என்றால் 320 கிலோபைட். டொரண்ட் உருவாக்குபவர்கள் இந்தத் தேர்வைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

துண்டு தோற்றால் யாரைத் தண்டிப்பது? அந்தத் துண்டுக்குக் கட்டி கொடுத்த எல்லோரையும் தடை செய்வது எளிய வழி, ஆனால் மோசமான வழி. தாக்குபவர் ஒரே ஒரு போலிக் கட்டியைத் தந்து பதினைந்து நல்லவர்களை வெளியேற்றிவிடலாம். நன்றாக எழுதப்பட்ட மென்பொருள்கள் வேறுவிதமாகச் செய்கின்றன. தோற்ற துண்டின் ஒவ்வொரு கட்டியின் அடையாளத்தையும், அதைக் கொடுத்தவர் யார் என்பதையும் குறித்து வைத்துக்கொள்கின்றன. துண்டு பிறகு சரியாக வந்து சேர்ந்ததும் பழைய கட்டிகளோடு ஒப்பிட்டு, மாறியதைக் கொடுத்தவரை மட்டும் தடை செய்கின்றன. சந்தேகத்துக்குரியவரிடம் ஒரு முழுத் துண்டையும் தனியாகக் கேட்டு, அவரைச் சோதித்துப் பார்ப்பதும் உண்டு. துண்டு தோற்றால் பழியைப் பகிர வேறு ஆள் இருக்க மாட்டார்.

இன்னும் சுத்தமான தீர்வு மெர்க்கிள் மரம். கட்டிகளின் ஹாஷ்களை இரண்டிரண்டாகச் சேர்த்து மேல் ஹாஷ், அவற்றைச் சேர்த்து அதற்கும் மேல் என்று அடுக்கி, கடைசியில் ஒரே வேர் ஹாஷில் முடிப்பது. இமியூல் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் இதை முன்பே உணர்ந்திருந்தது. அது பயன்படுத்திய இடாங்கி வலையமைப்பின் பகுதிகள் 9.28 எம்பி அளவு பெரியவை. ஒரு பகுதி கெட்டால் முழுவதையும் மீண்டும் இறக்காமலிருக்க, 180 கிலோபைட் அளவிலான கட்டிகளுக்கு இப்படி ஒரு மரத்தை அது சேர்த்தது. பிட்டொரண்டின் இரண்டாம் பதிப்பு ஷா-256 ஹாஷைக் கொண்டு 16 கிலோபைட் கட்டி வரைக்கும் மரத்தைக் கொண்டுவந்துவிட்டது. 4 ஜிபி கோப்பில் 2,62,144 கட்டிகள். அவற்றில் எந்த ஒன்றையும் சோதிக்க 18 ஹாஷ்கள், அதாவது 576 பைட்டுகள் போதும். போலிக் கட்டி வந்த உடனேயே தெரிந்துவிடும், கொடுத்தவர் யார் என்பதிலும் சந்தேகம் இருக்காது. இந்தப் பதிப்பு இன்னும் பரவலாகப் பயன்பாட்டுக்கு வரவில்லை என்பதுதான் குறை.

ஷா-1 உடைந்துவிட்டதே என்று யாராவது கேட்கலாம். 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ நிறுவனமும் ஒரே ஷா-1 ஹாஷ் கொண்ட இரு வேறு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. இது உறுதியான உண்மை. ஆனால் இதன் பொருளைச் சரியாக எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கோப்புகளையும் தாமே உருவாக்குபவர், அவற்றுக்கு ஒரே ஹாஷ் வருமாறு செய்ய முடியும். வேறொருவர் நேர்மையாக ஏற்கெனவே வெளியிட்ட கோப்புக்குப் பொருந்தும் இன்னொரு கோப்பை உருவாக்குவது வேறு வேலை, அதை ஷா-1-இல் யாரும் செய்து காட்டியதில்லை. எனவே பழைய டொரண்ட் கோப்புகள் ஒரே இரவில் நஞ்சாகிவிடவில்லை. வெளியிடுபவரே கெட்ட எண்ணம் கொண்டவராக இருந்தால்தான் ஆபத்து. நல்ல பிரதியைச் சோதனைக்குக் காட்டிவிட்டு, அதே ஹாஷ் கொண்ட கெட்ட பிரதியைப் பிறருக்குத் தர அவருக்கு வாய்ப்பு இருக்கிறது. புதிய டொரண்ட் உருவாக்கும்போது இரண்டாம் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

இவ்வளவும் முதல் கேள்விக்கான பதில். உங்களுக்கு நடந்தது இதில் எதுவும் இல்லை. உங்கள் கோப்பு சிதையவில்லை. போலியை உருவாக்கியவர் எந்தப் பைட்டுகளை அனுப்பினாரோ, அவை ஒன்றுகூட மாறாமல் உங்களிடம் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஹாஷ் காத்தது அந்தப் போலியைத்தான். தேடல் பக்கத்தில் இருந்த தலைப்புக்கும் அந்த 40 எழுத்துக் குறியீட்டுக்கும் இடையிலான தொடர்பை யாரோ ஒருவர் எழுதினார், நீங்கள் நம்பினீர்கள். அந்த ஒரு கண்ணியைத்தான் கணிதம் காப்பதில்லை.

இதைக் கண்டுபிடித்தவர்கள் வெகுகாலம் முன்பே அதைத் தொழிலாகவே செய்தார்கள். 2003-இல் பாடகி மடோனாவின் புதிய பாடல்கள் என்ற பெயரில் பகிர்வு வலையமைப்புகளில் கிடைத்த கோப்புகளைத் திறந்தால், பாட்டுக்குப் பதில் இறக்குபவரைக் கடிந்துகொள்ளும் அவருடைய குரல்தான் கேட்டது. இசை நிறுவனங்களுக்காகப் போலிக் கோப்புகளைப் பெருமளவில் விதைத்த நிறுவனங்களும் இருந்தன. 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, கஸாவில் புதிதாகப் புகழ்பெற்ற பாடல்கள் சிலவற்றின் பிரதிகளில் பாதிக்கும் மேல் கெட்டவை என்று அளந்து காட்டியது. கோப்பையே கெடுக்காமல் பட்டியலை மட்டும் கெடுப்பதும் உண்டு. இல்லாத முகவரிகளை "இந்தக் கோப்பு என்னிடம் இருக்கிறது" என்று பதிவு செய்துவிட்டால், தேடுபவர்கள் வெற்றிடத்தோடு இணைய முயன்று களைத்துப்போவார்கள். யாரிடம் எந்தக் கோப்பு இருக்கிறது என்று பட்டியல் வைத்திருக்கும் டிராக்கர் என்ற சேவையகத்திடம் "என்னிடம் முழுக் கோப்பும் இருக்கிறது" என்று சொல்வது வெறும் கூற்று, அதை டிராக்கர் சோதிப்பதில்லை. ஆகவே விதைப்பவர்களின் (முழுக் கோப்பையும் வைத்துப் பகிர்பவர்களின்) எண்ணிக்கை பெரிதாக இருப்பதை நம்பிக்கைக்கு ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். போலியை விதைப்பவர் முதலில் ஊதிப் பெருக்குவது அந்த எண்ணைத்தான்.

வலையமைப்பே தடுக்க முடியாதா என்ற உங்கள் கேள்வி இங்கேதான் சிக்கலாகிறது, நானும் இங்கே உறுதியிலிருந்து கருத்துக்கு இறங்குகிறேன். முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2003-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்தவர்கள் ஐகன்டிரஸ்ட் என்ற முறையை முன்வைத்தார்கள். ஒவ்வொருவரும் தாம் பரிமாறிக்கொண்டவர்களுக்கு மதிப்பெண் தருவார்கள். நல்ல மதிப்பெண் பெற்றவர் தரும் மதிப்பெண்ணுக்கு எடை அதிகம். ஆனால் இது வேலை செய்ய, ஆரம்பத்திலேயே நம்பத்தக்கவர்கள் என்று சிலரை யாராவது குறிப்பிட்டிருக்க வேண்டும். அது தற்செயல் அல்ல. மையமாக ஒருவர் அடையாளத்தை உறுதி செய்யாத வலையமைப்பில், ஒரே ஆள் ஆயிரம் ஆட்களாக வேடமிடுவதை நடைமுறையில் தடுக்க முடியாது என்று 2002-இலேயே மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் ஜான் டூசர் காட்டியிருந்தார். அதைச் சிபில் தாக்குதல் என்கிறார்கள். ஆயிரம் வேடங்களும் ஒன்றையொன்று புகழ்ந்துகொண்டால் மதிப்பெண் முறை வீழ்ந்துவிடும்.

ஆளை மதிப்பிடுவதில் வேறொரு அடிப்படைக் குறையும் இருக்கிறது. போலியைப் பரப்புபவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள். இறக்கியதைத் திறந்து பார்க்காமல் பகிர்வில் விட்டுவைத்தவர்கள். அவர்கள் மற்ற நூறு கோப்புகளை ஒழுங்காகவே தருகிறார்கள். இதைப் புரிந்துகொண்டு, ஆளை விட்டுவிட்டுக் கோப்பை மதிப்பிடச் சொன்னது கார்னெல் பல்கலைக்கழகத்தில் கெவின் வால்ஷும் எமின் குன் சிரரும் உருவாக்கி 2006-இல் விவரித்த கிரீடன்ஸ். நீங்களும் இன்னொருவரும் பல கோப்புகளுக்கு ஒரே மாதிரி வாக்களித்திருந்தால், அவருடைய அடுத்த வாக்குக்கு உங்கள் திரையில் எடை கூடும். எதிராகவே வாக்களிப்பவரின் வாக்கும் பயன்படும், தலைகீழாக. எல்லோருக்கும் பொதுவான ஒரு மதிப்பெண் இல்லாததால், வேடதாரிகள் தமக்குள் புகழ்ந்துகொள்வதால் உங்களை அசைக்க முடியாது. நான் படித்தவற்றில் நேர்மையான யோசனை இதுதான். இருந்தும் இது பெருவழக்காகவில்லை. இன்று வெளியான கோப்புக்கு வாக்கு இருக்காது, போலிகள் குவிவதோ முதல் நாளில்தான். புதிதாக வந்தவருக்கு வாக்கு வரலாறு இருக்காது, ஏமாறுபவர்களோ பெரும்பாலும் புதியவர்கள்தான். இந்த முடிச்சு அவிழும் என்று உறுதி சொல்ல எனக்கு ஆதாரமில்லை.

நடைமுறையில் இதுவரை உண்மையாக வேலை செய்திருப்பது வெளியிடுபவரின் மின் கையொப்பம். வெளியிடுபவர் தம்மிடம் மட்டும் இருக்கும் அந்தரங்கச் சாவி என்ற இரகசிய எண்ணால் ஹாஷ் பட்டியலில் கையெழுத்திடுகிறார். அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்க அவர் எல்லோருக்கும் தரும் பொதுச் சாவி உங்களிடம் இருந்தால், கோப்பு எந்த மூலையிலிருந்து வந்தாலும் கவலையில்லை. பெயரையும் ஹாஷையும் இணைக்கும் கண்ணியை இப்போது ஒரு சாவி காக்கிறது. பெரிய லினக்ஸ் வெளியீடுகள் வட்டுப் படிமத்தோடு ஹாஷ் பட்டியலையும் அதன் கையொப்பத்தையும் சேர்த்தே வைக்கின்றன. எங்கள் குழுவும் அப்படித்தான் செய்கிறது.

சாவி யாருடையது என்று பார்க்காவிட்டால் கையொப்பமும் ஏமாற்றும். 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷன் என்ற டொரண்ட் மென்பொருளின் 2.90 பதிப்பு, அதன் சொந்த இணையதளத்திலேயே, மேக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கேரேஞ்சர் நச்சுநிரலோடு மாற்றி வைக்கப்பட்டது. அந்தப் போலியில் ஆப்பிள் வழங்கிய செல்லுபடியாகும் சான்றிதழின் கையொப்பம் இருந்தது. கணினி அதை ஏற்றுக்கொண்டது. அது வழக்கமாகக் கையெழுத்திடுபவரின் சான்றிதழ் அல்ல, அவ்வளவுதான் வித்தியாசம். அதற்குச் சில நாட்கள் முன்பு, பிப்ரவரி 20 அன்று, லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இணையதளத்தில் ஊடுருவியவர்கள் பதிவிறக்க இணைப்பை மாற்றி, பின்கதவு (கணினிக்குள் இரகசியமாக நுழைய வழி) வைத்த படிமத்துக்குத் திருப்பிவிட்டார்கள். டொரண்ட் வழியாக இறக்கியவர்களுக்குப் பாதிப்பில்லை என்று அந்தத் திட்டத்தினரே அறிவித்தார்கள். டொரண்ட் பாதுகாப்பற்றது என்று பொதுவாகப் பேசுபவர்களுக்கு நான் நினைவுபடுத்தும் நிகழ்வு இது. ஆனால் ஊடுருவியவர்கள் டொரண்ட் இணைப்பையும் மாற்றியிருந்தால் இந்த ஆறுதலும் இருந்திருக்காது. ஹாஷும் கோப்பும் ஒரே பக்கத்தில் இருந்தால், அந்தப் பக்கத்தைக் கைப்பற்றியவர் இரண்டையும் மாற்றிவிடுவார். பொதுச் சாவியை வேறொரு வழியில், முன்கூட்டியே, ஒரு முறை வாங்கிச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது அதனால்தான்.

உங்கள் நிலைக்கு வருகிறேன். இனிமேல் டொரண்ட் கோப்பையோ மேக்னட் இணைப்பையோ தேடல் பக்கத்திலிருந்து எடுக்காமல் வெளியிட்டவரின் தளத்திலிருந்தே எடுங்கள். அங்கே கையொப்பம் இருந்தால் சரிபாருங்கள். இறக்கத் தொடங்கும் முன் கோப்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள். காணொளி என்ற பெயரில் இயங்கு கோப்பு இருந்தாலோ, கடவுச்சொல் கேட்கும் சுருக்கக் கோப்பு இருந்து அந்தச் சொல்லைப் பெற வேறு தளத்துக்கு அனுப்பினாலோ, அங்கேயே நிறுத்திவிடுங்கள். இறக்கிய இயங்கு கோப்பை ஏற்கெனவே இயக்கியிருந்தால், அந்தக் கணினியை வலையமைப்பிலிருந்து துண்டித்து, சுத்தமான வேறொரு கணினியிலிருந்து உங்கள் கடவுச்சொற்களை மாற்றுங்கள். நச்சுநிரல் தேடும் மென்பொருள் எதுவும் இல்லை என்று சொன்னாலும், முக்கியமான கணினி என்றால் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிவிடுவேன்.

அந்தக் கோப்பு இன்னும் உங்கள் மென்பொருளின் பட்டியலில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இந்த நிமிடமும் உங்கள் கணினி அதை மற்றவர்களுக்கு விதைத்துக்கொண்டிருக்கலாம், விதைப்பவர்களின் எண்ணிக்கையில் நீங்களும் ஒருவராகத் தெரிந்துகொண்டிருக்கலாம். இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அதைப் பட்டியலிலிருந்தும் வட்டிலிருந்தும் நீக்கிவிடுங்கள். எடுத்த இடத்தில் புகார் அளிக்க வழி இருந்தால் அந்த 40 எழுத்துக் குறியீட்டைக் குறிப்பிட்டுப் புகார் எழுதுங்கள். தலைப்பை எத்தனை முறை மாற்றி எழுதினாலும், இந்த டொரண்டுக்கு அந்தக் குறியீடு ஒன்றுதான்.